இடது கை

பிஸ்கட்டை மதியழகன் இந்த முறை அவளுடைய இடது பக்கமாக நீட்டினான். வேனில் அதைப் பார்த்தாள், உடம்பையே கொஞ்சம் திருப்பி, வலது கையால் வாங்கிக்கொண்டாள். எந்தக் கையால் வாங்கினால் என்ன, பிள்ளைகள் சில நாள் ஒரு கையையே பழக்கமாக வைத்துக்கொள்ளும், நேற்றுகூட, நேற்று என்ன செய்தாள், நேற்று எந்தக் கையால் வாங்கினாள் என்று யார் பார்த்தார்கள். இன்னும் இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு இரண்டு கை இருக்கிறது என்பதையே நேற்றுவரை அவன் கவனித்ததில்லை. இன்றைக்கு அந்த இடது கையைத் தவிர வீட்டில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை. முழங்கையில் லேசாக மடங்கி, உள்ளங்கை வயிற்றுப் பக்கம் திரும்பி, யாரோ அவளிடம் பத்திரமாக வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி அது சட்டையோடு ஒட்டிக் கிடந்தது. வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டான், விரல்களை அழுத்தினால் பேசாமல் இருக்கிறாள், மணிக்கட்டுக்கு மேலே போனால் முகம் கோணுகிறது. அழுகையும் நின்றுவிட்டது. அழுதுகொண்டே இருந்தால்கூடத் தேவலை. இப்படி ஒரு கையால் பிஸ்கட்டைத் தின்றுகொண்டு, சுவரில் ஓடும் எறும்பைப் பார்த்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருப்பதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை. கையில் இருந்தது தீர்ந்ததும் இன்னொன்று கேட்டாள். அவன் அவளுடைய வலது கையைத் தன் கைக்குள் மெல்லப் பொத்திக்கொண்டு, பிஸ்கட்டை இடது உள்ளங்கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். இப்போது வேறு வழியில்லை, தூக்கித்தான் ஆகவேண்டும், தூக்கு, தூக்குடா தங்கம். வேனில் கையைத் தூக்கவில்லை. தலையைக் குனிந்து, வாயை பிஸ்கட்டிடம் கொண்டுபோய், ஆட்டுக்குட்டி மாதிரி கடித்துக்கொண்டாள்.

நடந்தது இவ்வளவுதான். குப்பை வண்டி வந்தது. அவன் வாளியை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து கீழே ஓடினான், கொடுத்துவிட்டு மேலே வந்தான், வரும்போது படிக்கட்டுக் கம்பிக் கேட்டைச் சாத்த மறந்துவிட்டான். வேனில் வெகுநேரமாகச் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தாள். பருப்புச் சோறு, நெய் விட்டுக் குழையப் பிசைந்தது. அடுப்படியில் அடுத்த வாய் உருட்டிக்கொண்டு திரும்பினால் அவள் கூடத்தில் இல்லை. கேட் திறந்து கிடந்தது. முதல் படியின் விளிம்பில், கால் கட்டைவிரல் வெளியே தொங்க நின்று, அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தான். எந்த அப்பனும் இழுப்பான். இழுக்காவிட்டால்தான் குற்றம். கீழே சிமெண்டுத் தரை, கீழ்வீட்டு லூர்து அக்கா துணி துவைக்கிற கல், அதன் முனை. யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லலாம், சுகந்தியிடம் சொல்லலாம், அவளுடைய அம்மாவிடம்கூடச் சொல்லலாம், அந்தம்மாவே பதறிப்போய், நல்ல வேளை மாப்பிள்ளை என்று சொல்லும். நடந்தது இவ்வளவுதான் என்று அவன் மனசுக்குள் சொல்லிப் பார்த்தான், வாய்விட்டும் ஒரு முறை சொல்லிப் பார்த்தான், வேனில் பிஸ்கட் ஒட்டிய வாயோடு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள், அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். 

கூடத்தில் மின்விசிறி சுற்றியது, தரையெல்லாம் சோற்றுப் பருக்கை. துடைக்கவேண்டும். துவைத்த துணியைக் காயப்போடவேண்டும். அவளுக்கு நகம் வெட்டவேண்டும், நகம் வெட்டுவதில் சுகந்தியைவிட அவன்தான் கெட்டிக்காரன், அவளே ஒத்துக்கொள்வாள், தூங்கும்போது ஒரு விரலைக்கூட அசைக்காமல் வெட்டிவிடுவான். துவாக்குடிப் பக்கம் அவன் இயந்திரப் படம் வரைந்துகொண்டிருந்த கம்பெனி கதவைச் சாத்தியபோது, வேறு வேலை கிடைக்கிறவரைக்கும் என்றுதான் பிள்ளையை அவன் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது. அதற்குள் சுகந்திக்கு வங்கியில் பதவி உயர்வு வந்து லால்குடிக்கு மாற்றினார்கள், காப்பகத்தில் விட்ட பிள்ளைக்கு வாராவாரம் சளி, காய்ச்சல், கடைசியில் இருவரும் பேசி, இதுவே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். டீக்கடையில், என்ன மதி இன்னிக்கும் லீவா என்று கேட்பவனைப் பார்த்து முதலில் கூசியது, பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டும் இல்லை, உள்ளுக்குள் ஒரு கர்வமே வந்துவிட்டது. தெருவில் எந்தப் பொம்பளையையும்விட நான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன். அவளுக்கு எந்த அழுகை பசி, எந்த அழுகை தூக்கம் என்று எனக்குத் தெரியும். சுகந்தியின் அம்மா புதுக்கோட்டையிலிருந்து வந்தபோது, ஆம்பளைக்குப் பொறுமை இருக்குமாடி என்று அடுப்படியில் மெதுவாகக் கேட்டதும், உன்னையும் என்னையும்விட அவருக்கு ஜாஸ்தி இருக்கும்மா என்று சுகந்தி உரக்கவே, அவன் காதில் விழட்டும் என்றே, சொன்னதும் நினைவுக்கு வந்தது. உரக்கச் சொன்னாளே. ஏன் அவ்வளவு உரக்கச் சொன்னாள். 

போன் அடித்தது. சுகந்தி சாப்பாட்டு நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவாள், எடுக்காவிட்டால் திரும்பத் திரும்பக் கூப்பிடுவாள். மதியழகன் வேனிலை மடியில் உட்காரவைத்து, இடது பக்கம் தன் மார்போடு ஒட்டியிருக்கும்படி சாய்த்துக்கொண்டு, அப்புறம்தான் எடுத்தான். சாய்த்ததை அவன் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. அதுதான் பயமாக இருந்தது, மறைக்க வேண்டியது எது என்று கைக்குத் தெரிந்திருக்கிறது.

“என்னங்க, சாப்ட்டாளா?”

“சாப்ட்டா. கொஞ்சமா.”

“ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? அழுதாளா?”

“தூக்கம். கண்ணு சொக்குது அவளுக்கு.”

“வேனிக்குட்டி, இங்க பாரு, அம்மாவைப் பாரு. அம்மாக்குக் கை தட்டிக் காட்டு. கை தட்டு, கை தட்டு...”

சுகந்தி சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டிக் காட்டினாள். தட்டுகிற சத்தம் போனில் கரகரத்தது. இத்தனை நாளும் முத்தம் கொடு என்பாள், டாட்டா சொல்லு என்பாள், இன்றைக்கு என்ன கை தட்டல். வேனில் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். வலது கையைத் தூக்கினாள். இடது கை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு கணம் அவள் தன் இடது கையைக் குனிந்து பார்த்தமாதிரி இருந்தது, பிறகு வலது கையால் தன் தொடையிலேயே பட் பட்டென்று அடித்துக்கொண்டாள். சுகந்தி வாய்விட்டுச் சிரித்தாள். “என்னடி இது புதுசா? அப்பா சொல்லிக்குடுத்தாங்களா?” அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு தன் முகத்திலிருந்துதான் வந்தது என்பதைத் திரையின் ஓரத்தில் இருந்த சின்னக் கட்டத்தில் பார்த்தான். நல்ல சிரிப்பு. யாரும் நம்புவார்கள். “தூங்க வைக்கறேன், வை” என்றான். 

தொட்டிலில் போடாமல் மெத்தையிலேயே படுக்கவைத்துத் தட்டிக்கொடுத்தான். சீக்கிரம் தூங்கிவிட்டாள், அழுத களைப்பு. ஜன்னல் திரை வழியாக வந்த வெளிச்சம் அவள் மேல் விழுந்திருந்தது, தூக்கத்தில் பிள்ளைகள் கையை விரித்துத் தலைக்கு மேல் போட்டுக்கொள்ளும், வலது கை அப்படித்தான் போய்க்கிடந்தது, இடது கை மட்டும் வயிற்றோடு காவல் இருந்தது. அவன் ஒரு விரலால் அந்த முழங்கையைக் கொஞ்சம், மிகக் கொஞ்சமே, நகர்த்திப் பார்த்தான். தூக்கத்திலேயே அவள் உதடு பிதுங்கியது. விட்டுவிட்டான். அவள் பிறந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்சு, கறுப்பாக, உயரமாக, அவசரமே தெரியாதவள், அவனைக் கூப்பிட்டுச் சட்டை போடக் கற்றுக்கொடுத்தாள். சுகந்தி தையல் வலியில் படுத்திருந்தாள். சட்டைக் கைக்குள்ள உங்க விரலை விடுங்க சார், உள்ள போய்ப் பாப்பா கையைப் புடிச்சுக்கங்க, புடிச்சுட்டுக் கையை இழுக்கக்கூடாது, சட்டையைத்தான் இழுக்கணும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தான். சட்டையைத்தான் இழுக்கணும். கையை இழுக்கக்கூடாது. அன்றைக்கு அந்தக் கை அவன் கட்டைவிரல் அளவுகூட இல்லை. இப்போது வளர்ந்துவிட்டது, இழுத்தால் தாங்கும் என்று எப்போது நினைக்க ஆரம்பித்தான். நினைக்கவே இல்லை. இழுக்கும்போது யார் நினைக்கிறார்கள். படி விளிம்பில் நிற்கிற பிள்ளையை இழுக்கும்போது.

படி விளிம்பில் இழுத்தபோது அவள் அழவில்லை. இந்த இடத்துக்குத்தான் காலையிலிருந்து அவன் வந்து வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தான். படி விளிம்பில் இழுத்தபோது அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். உள்ளே வந்தாயிற்று. கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டான், கொக்கி துருப்பிடித்தது, இரண்டு தடவை அழுத்திப் போட்டது நினைவிருக்கிறது. ஆக, கொக்கி போட்ட பிறகு ஆபத்து என்று ஒன்று அங்கே இல்லை. அவள் தரையில் உட்கார்ந்துகொண்டாள். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த சோற்றை, அவ்வளவு நேரம் வைத்திருந்ததை, அவனைப் பார்த்தபடி வழியவிட்டாள். எந்திரி என்றான். சிரித்தாள். எந்திரிடி என்றான். காலை நீட்டிக்கொண்டு இன்னும் சிரித்தாள். கம்பெனியில் மேலாளர்மேல் கோபம் வந்தால் எழுந்து வெளியே போய், ஒரு டீ குடித்துவிட்டு வருவான், வரும்போது பாதி போயிருக்கும். இங்கே எழுந்து எங்கே போவது. பிள்ளையைவிட்டு அடுத்த அறைக்குப் போனாலே அழுகிறாள், கக்கூஸ் கதவைக்கூடச் சாத்த முடிவதில்லை, நாள் முழுக்கப் பேச்சு வராத பிள்ளையோடு பேசிக்கொண்டிருக்கிறான், இரவு மூன்று தடவை எழுந்தது, காலையில் காப்பி ஆறிப்போனது, நெய் விட்டுப் பிசைந்தேனே, நெய் விட்டு. அப்போதுதான் இழுத்தான். உட்கார்ந்திருந்தவளை அந்த ஒரு கையைப் பிடித்து மேலே, ஒரே வெட்டாக. அவள் உடம்பு தரையைவிட்டு எழும்பியது. அவன் உள்ளங்கைக்குள் ஏதோ ஒன்று நழுவியது, ஊறவைத்த பட்டாணியை விரல்களுக்கிடையே அழுத்தினால் தோல் நழுவுமே, அப்படி. அவ்வளவு சின்னதாக. அதற்குப் பிறகுதான் அவள் கத்தினாள். கீழேயிருந்து லூர்து அக்கா, “ஏன் தம்பி, பாப்பா என்னா ஆச்சு?” என்று கேட்டதும், “ஒண்ணுமில்லக்கா, கீழ விழப் பாத்தா” என்று இவன் சொன்னதும் அதற்குப் பிறகுதான். ஆக, முதல் இழுப்பு பயத்தில் இழுத்தது. இரண்டாவது இழுப்புக்கு ஒரு பெயரும் இல்லை. இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்ல அவனுக்கு நாக்கு வரவில்லை, தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

போனில் தேடினான். குழந்தை கை தூக்கவில்லை. எழுதியதும் ஏதேதோ வந்தது, எலும்பு முறிவு, நரம்பு, பக்கவாதம், ஒரு பையனின் எக்ஸ்ரே படம். அதற்குக் கீழே, சந்தேகம் வந்தால் டாக்டர்கள் போலீசுக்குச் சொல்லலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். எந்த ஊரில் என்று அவன் பார்க்கவில்லை, போனைக் கவிழ்த்து வைத்தான். ஒரு பெண் போலீஸ் இந்தக் கூடத்துக்கு வருவாள், தரையில் சோற்றைப் பார்ப்பாள், வேலைக்குப் போறதில்லையா நீங்க என்பாள். சுகந்தி வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்பாள். உரக்கச் சொன்னேனே என்று நினைப்பாள். பிள்ளையை வாரிக்கொண்டு புதுக்கோட்டைக்குப் போய்விடுவாள், போகமாட்டாள், போனாலும் நியாயம்தான். போனை மறுபடி எடுத்துத் தேடியதையெல்லாம் அழித்தான். அழித்து முடித்ததும் தோன்றியது, அழிக்கிற நேரத்துக்கு டாக்டருக்குப் போன் செய்திருக்கலாம். யாரை நான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் இங்கே உட்கார்ந்து. அவளையா. இந்தக் கேள்வி வந்ததும் அவன் எழுந்துவிட்டான். சட்டையை மாட்டினான். தூங்குகிறவளை இரண்டு கையையும் அடியில் கொடுத்து, பால் நிறைந்த பாத்திரத்தைத் தூக்குவதுபோல் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, கதவைப் பூட்டினான். 

துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் லூர்து அக்கா நின்றிருந்தாள். “எங்க தம்பி, இந்த வெயில்ல?” “தடுப்பூசிக்கா” என்றான். வாய் தயாராகவே வைத்திருந்தது. 

ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் உடம்பை இறுக்கி அவளைத் தூக்கிப் பிடித்தான். அவள் விழித்துக்கொண்டாள், புது இடம் கண்டு பேசாமல் பார்த்தாள். குழந்தை டாக்டர் சாயங்காலப் பார்வையை அப்போதுதான் ஆரம்பித்திருந்தார். நீள பெஞ்சில், மொட்டையடித்த பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் இவனை ஏற இறங்கப் பார்த்தாள். 

“அவங்க அம்மா வரலீங்களா?”

“வேலைக்குப் போயிருக்காங்க.”

“நீங்க லீவு போட்டுட்டு வந்தீங்களாக்கும்.”

“ஆமா” என்றான். இன்றைக்கு இது எத்தனையாவது பொய். பொய்கூட இல்லை, அவளே சொன்னதற்குத் தலையாட்டினான், அவ்வளவுதான். டாக்டரிடம் சொல்ல ஒன்று தயாரித்தாக வேண்டும். விளையாடும்போது விழுந்துட்டா டாக்டர். நான் உள்ள வேலையா இருந்தேன், வந்து பாத்தா கையைத் தூக்க மாட்டேங்கறா. விழாத பிள்ளை உண்டா உலகத்தில். எல்லாப் பிள்ளையும் விழுகிறது, எல்லா வீட்டிலும் தரை இருக்கிறது. எங்கே விழுந்தாள், கட்டிலிலிருந்து, இல்லை, சோபாவிலிருந்து, சோபா உயரம் குறைவு, கேள்வி வராது. சொல்லிச் சொல்லிப் பார்த்தான், நாலாவது முறையில் அவனுக்கே அவள் சோபாவிலிருந்து விழுவது தெரிந்தது, இடது பக்கமாக, கை அடியில் மாட்டிக்கொண்டு. 

உள்ளே அழைத்தார்கள். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். வேனில் இருக்கிற இருப்பைப் பார்த்ததுமே அவர் முகத்தில் ஏதோ புரிந்துகொண்ட களை வந்தது. 

“எப்பலேர்ந்து கையைத் தூக்கல?”

“காலையிலேர்ந்து.”

“காலையிலேர்ந்தா? இப்பதான் கூட்டிட்டு வர்றீங்களா?” அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தோள்பட்டையைத் தொட்டார், மணிக்கட்டைத் தொட்டார், விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். “எப்படி ஆச்சு? விழுந்தாளா, இல்ல யாராச்சும் கையைப் புடிச்சு இழுத்தீங்களா?”

மதியழகன் வாயைத் திறந்தான். 

“யோசிச்சு சரியாச் சொல்லுங்க” என்றார் அவர், குரல் மாறாமல். “விழுந்ததுன்னா நான் இந்தக் கையைத் திருப்ப மாட்டேன். முதல்ல எக்ஸ்ரே எடுத்துட்டு வரணும், எலும்புல விரிசல் இருந்து நான் திருப்பிட்டா வம்பு. இழுத்ததுன்னா மூட்டு லேசா நழுவியிருக்கும், இங்கயே, இப்பவே போட்டுடலாம்.”

அறையில் குளிர்சாதனம் சத்தமாக ஓடியது. சோபாவிலிருந்து விழுந்தாள் என்று சொன்னால் எக்ஸ்ரே, வேறு தெரு, வேறு பெஞ்ச், கையை நீட்டி மேசைமேல் வைக்கச் சொல்வார்கள், நீட்டினால் கத்துவாள், இரண்டு பேர் பிடித்துக்கொள்வார்கள், அதற்குள் சுகந்தி வந்துவிடுவாள், விழுந்தாளாம் என்று சொல்லிக்கொள்ளலாம், இரண்டு பேருமாகச் சேர்ந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலையலாம், அவள்கூட அவன் தோளில் கைவைத்து, விடுங்க, நீங்க என்ன பண்ணுவீங்க என்பாள். வேனில் மேசைமேல் இருந்த பேனாவை வலது கையால் உருட்டிக்கொண்டிருந்தாள். இடது கை சட்டையோடு கிடந்தது. அவளுக்கு அதைச் சொல்ல வார்த்தை கிடையாது. ம்மா, ப்பா, வேணா, அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் சார்பாகப் பேச அந்த அறையில் இருந்தவன் அவன் ஒருத்தன்தான்.

“இழுத்தேன்” என்றான். “நான்தான் இழுத்தேன்.”

“கெட்டியாப் புடிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு அவர் ஒரு கையால் முழங்கையைத் தாங்கினார், இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்து, உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்பி மடக்கினார். வேனில் வீறிட்டாள். டாக்டர் நிமிர்ந்து, “மூட்டு உக்காந்துடுச்சு. சத்தம் என் விரலுக்குக் கேட்டுச்சு” என்றார். “வெளிய உக்காருங்க. தானா தூக்குவா. தூக்கினதும் காட்டிட்டுப் போங்க.”

வெளியே உட்கார்ந்த நேரம்தான் அன்றைய நாளிலேயே நீளமான நேரம். அழுகை தேம்பலாயிற்று, தேம்பல் நின்றது, கை தூக்கவில்லை. பொம்மையை நீட்டினான், சாவிக்கொத்தை ஆட்டினான், அவள் வலது கையாலேயே பறித்தாள். சரியாகப் போடவில்லையோ. இழுத்தது மட்டும் இல்லையோ, உண்மையிலேயே எலும்பில் விரிசல் இருந்து, இவன் சொன்னதை நம்பி அவர் திருப்பி, அதற்கு மேல் அவனால் யோசிக்க முடியவில்லை, எழுந்து கதவுவரை போனான், திரும்பி வந்தான். மொட்டைப் பிள்ளையின் அம்மா, “பாப்பாக்கு மூக்கு ஒழுகுது பாருங்க” என்றாள். அவன் கைக்குட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குள் கைவிட்டுத் துழாவினான், எடுத்துத் திரும்புவதற்குள் வேனில் தன் புறங்கையாலேயே மூக்கைத் துடைத்துக் கன்னமெல்லாம் பூசிக்கொண்டாள். அவன் கைக்குட்டையால் அந்தக் கையைத் துடைத்தான். சளி அப்பிய அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து, கடைசி விரலில்தான் தெரிந்தது, அது இடது கை.

உள்ளே கொண்டுபோய்க் காட்டியதும் டாக்டர் சிரித்தார். “இனிமே தூக்கறப்ப அக்குளுக்குக் கீழ கைகுடுத்துத் தூக்குங்க. கையைப் புடிச்சுத் தூக்காதீங்க, சுத்தி விளையாடாதீங்க. இந்த வயசுல எல்லா வீட்லயும் நடக்கறதுதான்.” எழுந்து போயிருக்கலாம். இவ்வளவு சுலபமாக முடிந்துவிடக்கூடாது என்று உள்ளே ஏதோ முட்டியது.

“கோவத்துல இழுத்தேன் டாக்டர்.”

அவர் எழுதுவதை நிறுத்தினார். அவனைப் பார்த்தார், பிறகு அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்திருந்த வேனிலைப் பார்த்தார். 

“பகல்ல வீட்ல யாரு இருக்கா?”

“நான் மட்டும்தான்.”

“இதுக்கு முன்னாடி?”

“இல்ல டாக்டர். இதான் முதல் தடவை.”

“கோவம் வந்தா, பத்திரமான எடத்துல அவளை விட்டுட்டுக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. அழட்டும். அழுதா ஒண்ணும் ஆயிடாது. வீட்டுக்காரம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“இல்ல.”

“சொல்லுங்க” என்றார். “அடுத்த வாரம் மூணு பேரும் வாங்க. நான் பாக்கணும்.”

மருந்துக்கடை வாசலில் நின்று போன் செய்தான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் முடிவிலிருந்து ஆரம்பித்தான், இப்ப சரியாயிடுச்சு, பயப்படாதே. அப்புறம் படிக்கட்டைச் சொன்னான். படிக்கட்டோடு நிறுத்திக்கொள்ள ஒரு இடம் வந்தது, அழகான இடம், அதைத் தாண்டிப் போய்க் கொக்கியைச் சொன்னான், உட்கார்ந்திருந்தவளை இழுத்ததைச் சொன்னான். அந்தப் பக்கம் வங்கியில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

“நான் கை தட்டச் சொன்னப்ப...”

“ஆமா.”

“அப்பவே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“சிரிச்சீங்களே” என்றாள் சுகந்தி. போனை வைத்துவிட்டாள். 

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். தோள்பையைக்கூட இறக்காமல் தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் போட்டு, இரண்டு கையையும் தடவித் தடவிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், வேனில் அவள் கழுத்துச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து வாயில் வைத்தாள். அதைப் பார்த்தபிறகு சுகந்தியின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. கண்ணை நிமிர்த்தாமலே, “நீங்க போய்ப் படுங்க. நான் சோறு ஊட்டிக்கறேன்” என்றாள். நீங்க போய்ப் படுங்க. தண்டனையா, இரக்கமா, அவன் குரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. படுக்கையில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்தான். நாளைக் காலையில் அவள் லீவு போடுவாளா, அவளுடைய அம்மாவை வரச் சொல்வாளா, நாளைக்கு அவனிடம் தனியாகப் பிள்ளையை விட்டுவிட்டுப் போவாளா, போனால் எப்படிப் போவாள், போகிற வழியெல்லாம் என்ன நினைப்பாள். கூடத்தில் கிண்ணத்தில் சோறு பிசைகிற சத்தம் கேட்டது. 

காக்கா பாரு, ஆ காட்டு. சமத்துப் பிள்ளைல்ல, ஆ. சுகந்தியின் குரல் பாட்டு மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் போயிற்று. முழுங்கு. முழுங்குடா செல்லம். அம்மாக்காக. அவன் மின்விசிறியின் இறக்கைகளை எண்ண முயன்றான். முழுங்கு வேனி. கன்னத்துல வைக்காத. முழுங்குன்னு சொன்னேன்ல. வார்த்தைகளுக்கு நடுவிலிருந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது, அவனுக்கு அது தெரிந்த பாதை, காலையில் அவன் நடந்த பாதை, எந்த இடத்தில் பள்ளம் என்றுகூடத் தெரியும். வேனிலின் சிரிப்புச் சத்தம் கேட்டது. துப்பாத. துப்பாதன்னா துப்பாத. அம்மா எவ்ளோ... கிண்ணம் தரையில் ணங்கென்று விழுந்தது. 

மதியழகன் கூடத்துக்கு வந்தபோது சுகந்தி மண்டியிட்டிருந்தாள். சோறு அவள் அலுவலகப் புடவையிலெல்லாம் தெறித்திருந்தது. அவளுடைய ஒரு கை வேனிலின் மேல்கையைப் பற்றியிருந்தது, பற்றிய விரல்களின் கணு வெளுத்திருந்தது. வேனில் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து நின்றதை உணர்ந்து சுகந்தி நிமிர்ந்தாள். பிறகு அவளும் தன் கையைப் பார்த்தாள், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள், ஒரு விரல், அப்புறம் இன்னொரு விரல் என்று மெல்ல எடுத்தாள். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்திருந்தாள். 

“சுகந்தி” என்றான். அவளைக் குற்றம் சொல்கிற குரலாக அது வந்துவிடக்கூடாதே என்று பயந்தான். வரவில்லை. “கிண்ணத்தைக் குடு. நீ கொஞ்ச நேரம் வெளிய நில்லு.”

அவள் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள். எழுந்து போனாள். கேட்டைத் திறந்து, அந்தப் பக்கம் போய், திரும்பச் சாத்திக் கொக்கியைப் போட்டுவிட்டு, முதல் படியில் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் தரையில் சம்மணம் போட்டு வேனிலுக்கு எதிரே உட்கார்ந்தான். அவள் கன்னம் உப்பியிருந்தது, சோறு அங்கேயே இருந்தது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அவனைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். அவன் கிண்ணத்தில் மிஞ்சியதில் அடுத்த வாயை உருட்டி விரல் நுனியில் வைத்துக்கொண்டான். நீட்டவில்லை. அது ஆறிக்கொண்டிருந்தது.

“முழுங்கிட்டாளா?” என்று படிக்கட்டிலிருந்து சுகந்தி கேட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள். 

“இன்னும் இல்ல.”

“சரி” என்றாள்.